திரை அணைவது, சுழல்வது, விழிப்பது: ஆண்ட்ராய்டு கைபேசியில் சிக்கலைத் தீர்க்கும் வழிகள்

படித்துக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்துவிடுகிறது. அல்லது எவ்வளவு நேரமானாலும் அணைய மறுக்கிறது. பக்கவாட்டில் திருப்பினால் படம் உடன் திரும்புவதில்லை. மேசைமேல் சும்மா கிடக்கும்போது தானாக ஒளிர்கிறது. இவற்றுள் ஏதேனும் ஒன்று உங்களை அலைக்கழிக்கிறது என்றால், கைபேசி பழுதாகிவிட்டது என்ற முடிவுக்கு இப்போதே வந்துவிட வேண்டாம். சுழலாத திரையோடு நான் ஒரு பழுதுநீக்கும் கடைக்குச் சென்றபோது, திரையையே மாற்ற வேண்டும் என்று சொன்னார்கள். உண்மையான காரணம் ஒரே ஓர் அமைப்பு. அதை மாற்றச் செலவு எதுவும் ஆகவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே, செலவில்லாத படிகளை முதலிலும் செலவு வைக்கும் படிகளை இறுதியிலும் அடுக்கியிருக்கிறேன்.

அமைப்புகளின் பெயர்களை ஆங்கில மெனுவில் உள்ளபடியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். நிறுவனத்துக்கு நிறுவனம் அவை இருக்கும் இடம் மாறும். எனவே, செட்டிங்ஸ் பக்கத்தின் மேலே உள்ள தேடல் பெட்டியில் பெயரைத் தட்டச்சு செய்து தேடுவதே விரைவான வழி.

1. தொடங்கும் முன் குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள்

சிக்கல் எப்போது வருகிறது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். சார்ஜ் ஏறும்போது மட்டுமா, எப்போதுமா? ஒரு குறிப்பிட்ட செயலியில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? பூட்டுத் திரையிலா, திறந்த பின்னா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால், கீழே உள்ள படிகளில் பாதியை நீங்கள் தாண்டிச் சென்றுவிடலாம். அபௌட் ஃபோன் பகுதியில் காணப்படும் ஆண்ட்ராய்டு பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சில வசதிகள் குறிப்பிட்ட பதிப்புக்குப் பின்னரே வந்தவை.

ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் இருந்த நிலையையும் எழுதி வையுங்கள். ஐந்தாறு அமைப்புகளை ஒன்றாக மாற்றிச் சிக்கல் தீர்ந்தால், எது தீர்த்தது என்று தெரியாமலே போய்விடும். அடுத்த மாதம் அதே சிக்கல் திரும்பினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஏழாம் படி வரையிலான சோதனைகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பெரும்பாலும் போதும். தானாக விழிக்கும் சிக்கலுக்கு மட்டும், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

2. திரை மிக விரைவில் அணைகிறதா?

செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குச் சென்று ஸ்கிரீன் டைம்அவுட் என்பதைத் திறவுங்கள். 15 விநாடியில் தொடங்கிச் சில நிமிடங்கள் வரை பல அளவுகள் இருக்கும். சாம்சங் கருவிகளில் பொதுவாக 10 நிமிடம் வரையும், கூகுளின் பிக்சலில் 30 நிமிடம் வரையும் தேர்ந்தெடுக்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஒன்று அல்லது இரண்டு நிமிடம் பொருத்தமானது என்பது என் கருத்து.

நேரத்தைக் கூட்டிய பிறகும் பூட்டுத் திரை சில விநாடிகளில் அணைந்துவிடுவதைப் பலர் பழுதென்று எண்ணுகிறார்கள். அது பழுதன்று. பூட்டுத் திரைக்கென்று தனியாக ஒரு குறுகிய கால அளவு உண்டு. பொதுவாக அது 10 விநாடியை ஒட்டியே இருக்கும், நீங்கள் தேர்ந்தெடுத்த அளவு அதற்குப் பொருந்தாது. எனவே, சோதிக்கும்போது கைபேசியைத் திறந்து முகப்புத் திரைக்கு வந்த பின்னரே நேரத்தைக் கணக்கிடுங்கள்.

நீங்கள் வைத்த அளவு தானாகவே குறைந்துவிடுகிறதென்றால், சந்தேகிக்க வேண்டியவை நான்கு. முதலாவது பேட்டரி சேவர். சில கருவிகளில் அது இயங்கும் வரை திரை நேரத்தை 30 விநாடிக்கு இறக்கிவிடும். மின்கலம் ஒரு குறிப்பிட்ட சதவீதத்துக்குக் கீழே போனதும் அது தானாக இயங்கும்படி வைத்திருந்தால், மாலையில் மட்டும் சிக்கல் வருவதுபோல் தோன்றும்.

இரண்டாவது, அலுவலகக் கணக்கு. பணியிட மின்னஞ்சலைக் கைபேசியில் சேர்க்கும்போது, திரை நேரத்துக்கு உச்சவரம்பு விதிக்கும் உரிமையை நிர்வாகிக்கு நீங்கள் வழங்கியிருக்கலாம். அப்போது நீண்ட நேர அளவுகள் பட்டியலில் இல்லாமலோ, மங்கலாகித் தேர்ந்தெடுக்க முடியாமலோ இருக்கும். செட்டிங்ஸ் தேடலில் டிவைஸ் அட்மின் ஆப்ஸ் என்று தேடினால் எந்தச் செயலிக்கு அந்த உரிமை உள்ளது என்று தெரியும். அதை நீக்கினால் அலுவலக அஞ்சலும் நின்றுவிடக்கூடும் என்பதால், உங்கள் நிறுவனத் தொழில்நுட்பப் பிரிவிடம் கேட்காமல் கை வைக்க வேண்டாம்.

மூன்றாவது, கணினி அமைப்புகளை மாற்றும் அனுமதி பெற்ற செயலிகள். ஸ்பெஷல் ஆப் அக்செஸ் பகுதியில் மாடிஃபை சிஸ்டம் செட்டிங்ஸ் என்ற பட்டியல் இருக்கிறது. திரை நேரத்தை ஒரு செயலி மாற்ற வேண்டுமென்றால் இந்த அனுமதி வேண்டும். அந்தப் பட்டியலில் உங்களுக்குத் தேவையில்லாத பெயர் இருந்தால் அனுமதியை விலக்குங்கள். செயலியை நீக்க வேண்டியதில்லை. நான்காவது, சாம்சங் கருவிகளில் உள்ள ரொட்டீன்ஸ் வசதி. குறிப்பிட்ட நேரத்திலோ, குறிப்பிட்ட செயலியைத் திறக்கும்போதோ திரை நேரத்தையும் சுழற்சியையும் மாற்றும்படி என்றோ அமைத்துவிட்டு மறந்திருந்தால், அது இன்றும் வேலை செய்துகொண்டிருக்கும்.

பார்த்துக்கொண்டிருக்கும் வரை திரை அணையாமல் இருக்க வேண்டும் என்றால், பிக்சலில் ஸ்கிரீன் அட்டென்ஷன் என்ற பெயரிலும், சாம்சங்கில் கீப் ஸ்கிரீன் ஆன் வைல் வியூயிங் என்ற பெயரிலும் ஒரு வசதி இருக்கிறது. இது முன்பக்கக் கேமராவைக் கொண்டு உங்கள் முகத்தைக் கவனிக்கும். இருட்டிலும், கேமரா மறைந்திருக்கும்போதும் இதை நம்ப முடியாது. ஆண்ட்ராய்டு 12 முதல் விரைவு அமைப்புகளில் (திரையின் மேலிருந்து கீழே இழுத்தால் வரும் பொத்தான்கள்) வந்துள்ள கேமரா அக்செஸ் பொத்தானை நீங்கள் அணைத்து வைத்திருந்தால், இந்த வசதி வேலை செய்யாது.

3. திரை அணையவே மறுக்கிறதா?

சார்ஜ் ஏறும்போது மட்டும் அணையாமல் இருக்கிறதென்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. செயலி உருவாக்குபவர்களுக்கான மறைவான பகுதியான டெவலப்பர் ஆப்ஷன்ஸில் உள்ள ஸ்டே அவேக் இயங்கினால், மின்னிணைப்பில் இருக்கும் வரை திரை உறங்காது. அபௌட் ஃபோனில் உள்ள பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி அந்தப் பகுதியை யாரேனும் திறந்து வைத்திருந்தால் மட்டுமே இது சாத்தியம்; பழைய கைபேசியை வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மற்றொன்று ஸ்கிரீன் சேவர்: சார்ஜ் ஏறும்போது அணைவதற்குப் பதிலாகக் கடிகாரத்தையோ புகைப்படங்களையோ அது காட்டிக்கொண்டிருக்கும்.

சார்ஜ் இல்லாதபோதும் அணையவில்லை என்றால், எந்தச் செயலி முன்னால் திறந்திருக்கிறது என்று பாருங்கள். காணொளி, வரைபட வழிகாட்டல், மின்னூல் போன்ற செயலிகள் தாம் திறந்திருக்கும் வரை திரையை ஒளிரச் செய்யும்படி கேட்டுக்கொள்ள ஆண்ட்ராய்டு இடமளிக்கிறது. முகப்புத் திரைக்கு வந்து காத்திருங்கள். அங்கே உரிய நேரத்தில் அணைந்தால், கைபேசியில் குறையில்லை.

ஓஎல்ஈடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) திரை உள்ளவர்கள் நீண்ட நேர அளவை நிலையாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரே படம் நெடுநேரம் அசையாமல் நின்றால் அதன் தடம் திரையில் நிலையாகப் பதிந்துவிடக்கூடும். எந்த அமைப்பாலும் அதை நீக்க முடியாது.

4. அணைவது வேறு, பூட்டுவது வேறு

திரை அணைந்ததும் உடனே கடவுச்சொல் கேட்கிறது என்பது திரை நேரச் சிக்கலன்று. செக்யூரிட்டி பகுதியில் ஸ்கிரீன் லாக் அருகே உள்ள பற்சக்கரக் குறியைத் தட்டினால், லாக் ஆஃப்டர் ஸ்கிரீன் டைம்அவுட் என்ற தனி அளவு கிடைக்கும். எதிர்மாறாக, அணைந்து வெகுநேரமாகியும் பூட்டாமல் திறந்து கிடக்கிறதென்றால் எக்ஸ்டெண்ட் அன்லாக்கைப் பாருங்கள். முன்னர் இதன் பெயர் ஸ்மார்ட் லாக். நம்பகமான இடம் என்று வீட்டைச் சேர்த்திருந்தால், அங்கே கைபேசி பூட்டாமலே இருக்கலாம். நான்கு மணி நேரம் பயன்படுத்தாமல் விட்டாலோ மறுதொடக்கம் செய்தாலோ மீண்டும் பூட்டைக் கேட்கும்.

5. திரை சுழலவில்லையா?

முதலில் விரைவு அமைப்புகளைக் கீழே இழுத்து ஆட்டோ ரொட்டேட் இயங்குகிறதா என்று பாருங்கள். சாம்சங் கருவிகளில் அது அணைந்திருக்கும்போது அதே பொத்தான் போர்ட்ரெய்ட் என்ற பெயரில் தோன்றும். ஆட்டோ ரொட்டேட் என்ற சொல்லைத் தேடிக் காணாமல் குழம்புகிறவர்கள் உண்டு. ஆண்ட்ராய்டு 9 முதல், ஆட்டோ ரொட்டேட் அணைந்திருந்தாலும், கைபேசியைப் பக்கவாட்டில் திருப்பினால் திரையின் ஓரத்தில் ஒரு சிறு சுழற்சிக் குறி சில விநாடிகள் தோன்றும். அதைத் தட்டினால் திரை திரும்பும். அந்தக் குறி தோன்றுகிறதென்றால் திருப்புவதை அறியும் உங்கள் உணரி (சென்சார்) நன்றாக இருக்கிறது என்று பொருள். இதைவிட எளிய சோதனை வேறில்லை.

அடுத்து, சோதிக்கும் முறையைச் சரிசெய்துகொள்ளுங்கள். புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை முடுக்கமானி என்ற உணரி அளக்கிறது. அதைக்கொண்டே எது மேல், எது கீழ் என்று கைபேசி முடிவு செய்கிறது. மேசைமேல் மல்லாந்து கிடக்கும் கைபேசியில் ஈர்ப்பு முதுகுப்புறமாக இழுப்பதால், அதை எந்தப் பக்கம் திருப்பினாலும் கருவிக்கு வேறுபாடு தெரியாது; கடைசியாக இருந்த நிலையிலேயே நின்றுவிடும். படுத்துக்கொண்டு படிக்கும்போது திரை வேண்டாத பக்கம் திரும்புவதற்கும் இதே உணரிதான் காரணம். ஆகவே, கைபேசியைக் கையில் நிமிர்த்திப் பிடித்து, ஒரு விநாடி நிறுத்தி, பிறகு பக்கவாட்டில் திருப்பிச் சோதியுங்கள்.

சோதிக்கும் செயலியும் முக்கியம். முகப்புத் திரை பல கருவிகளில் இயல்பாகவே சுழலாது; பிக்சலிலும் சாம்சங்கிலும் முகப்புத் திரை அமைப்புகளில் அதற்கென்று தனி அனுமதி இருக்கிறது. பல செயலிகள் நிமிர்ந்த நிலையில் மட்டுமே இயங்கும்படி அவற்றை உருவாக்கியவர்களாலேயே பூட்டப்பட்டவை. தலைகீழாகப் பிடித்தால் பெரும்பாலான கைபேசிகள் திரும்புவதில்லை, அதுவும் பழுதன்று. உலாவியில் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து சோதிப்பது நல்லது. யூடியூபில் முழுத்திரைக் குறியைத் தட்டினால் படம் கிடைமட்டமாகிறது, ஆனால் கைபேசியைத் திருப்பினால் ஆகவில்லை என்றால், திரையில் குறையில்லை. அமைப்பிலோ உணரியிலோதான் சிக்கல்.

இனி வருவது நான் அலைந்து கண்டறிந்தது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் குயிக் செட்டிங்ஸ் டெவலப்பர் டைல்ஸ் என்ற பகுதி உண்டு. அங்கே சென்சார்ஸ் ஆஃப் என்ற பொத்தானைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு 10 முதல் இருக்கும் இந்தப் பொத்தான், கைதவறித் தட்டினாலும் உணரிகள் அனைத்தையும் நிறுத்திவிடும். சுழற்சி, தானியங்கி ஒளிர்வு, கேமரா ஆகியவை ஒரே நேரத்தில் கைவிட்டால், வேறு எதையும் பார்க்கும் முன் இதைப் பாருங்கள். பழுதுநீக்குபவர்களில் பலருக்கு இப்படி ஒரு பொத்தான் இருப்பதே தெரிவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

பிக்சல் போன்ற சில கருவிகளில் ஆண்ட்ராய்டு 12 முதல் முகத்தைப் பார்த்துச் சுழலும் வசதியும் இருக்கிறது. இதற்கும் கேமரா அனுமதி வேண்டும். பேட்டரி சேவர் இயங்கும்போது இது வேலை செய்யாது. சுழற்சி ஒருசமயம் வருகிறது, ஒருசமயம் வரவில்லை என்றால் இதை அணைத்துவிட்டு, ஈர்ப்பை மட்டும் நம்பும் பழைய முறையில் ஒரு நாள் பயன்படுத்திப் பாருங்கள். சுழற்சியைக் கட்டுப்படுத்தும் வேறு செயலி எதையேனும் நிறுவியிருந்தால், டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ் பட்டியலில் அதன் அனுமதியை விலக்குங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் திரும்பவில்லையா? நடையை எண்ணும் செயலியோ, கைபேசியைச் சாய்த்து ஆடும் விளையாட்டோ வேலை செய்கிறதா என்று பாருங்கள். அவையும் அசையவில்லை என்றால் உணரியையே சந்தேகிக்கலாம். சாம்சங் கருவிகளில் அழைப்புத் திரையில் *#0*# என்று அழுத்தினால் பல மாதிரிகளில் வன்பொருள் சோதனைப் பக்கம் திறக்கும். அதில் சென்சார் பகுதிக்குச் சென்று கைபேசியைச் சாய்க்கும்போது எண்கள் மாறுகின்றனவா என்று பாருங்கள். எண்கள் மாறினால் உணரி உயிரோடிருக்கிறது.

6. தானாக விழிக்கிறதா, விழிக்க மறுக்கிறதா?

கறுத்த திரையில் கடிகாரம் மட்டும் மங்கலாகத் தெரிகிறதென்றால் அது விழிப்பன்று; ஆல்வேஸ் ஆன் டிஸ்ப்ளே. வேண்டாமென்றால் லாக் ஸ்கிரீன் பகுதியில் அதை அணைத்துவிடலாம்.

முழுத்திரையும் ஒளிர்கிறதென்றால், முதலில் சார்ஜ் கம்பியைப் பாருங்கள். மின்னிணைப்பு பொருந்தும்போதும் விலகும்போதும் பல கைபேசிகளின் திரை ஒளிரும். தளர்ந்த கம்பியோ, தூசி அடைந்த துளையோ, இடம் விலகிய கம்பியில்லா சார்ஜரோ இருந்தால், இணைப்பு விட்டுவிட்டு வந்து இரவு முழுவதும் திரை விழித்துக்கொண்டே இருக்கும். வேறு கம்பியால் ஓர் இரவு சோதிப்பதற்குச் செலவில்லை. அடுத்து, உறையைக் கழற்றிப் பாருங்கள். இறுக்கமான உறை மின்பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கலாம். மடக்கு உறைகளில் உள்ள காந்தத்தை உணர்ந்து திரையை அணைக்கவும் எழுப்பவும் சில கருவிகளில் ஓர் உணரி இருப்பதால், காந்தம் கொண்ட தாங்கிகளும் உறைகளும் திரையைத் தவறாக அணைக்கவோ எழுப்பவோ கூடும்.

பொருள்களில் குறையில்லை என்றால் அமைப்புகளுக்கு வாருங்கள். கையில் எடுத்தால் எழுப்பும் லிஃப்ட் டு வேக், தட்டினால் எழுப்பும் டபுள் டேப், அறிவிப்பு வந்தால் எழுப்பும் வேக் ஸ்கிரீன் ஃபார் நோட்டிஃபிகேஷன்ஸ் ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கொடுங்கள். சட்டைப்பையில் இருக்கும்போது மட்டும் விழிக்கிறதென்றால் சாம்சங்கின் ஆக்சிடென்டல் டச் புரொடெக்ஷன் அல்லது பிற கருவிகளின் பாக்கெட் மோடு உதவும். ஆண்ட்ராய்டு 14 முதல், முழுத்திரை அறிவிப்பு காட்டும் உரிமை எந்தெந்தச் செயலிகளுக்கு உள்ளது என்பதை ஸ்பெஷல் ஆப் அக்செஸில் காணலாம். அலாரத்துக்கும் அழைப்புக்கும் அது தேவை, மற்றவற்றுக்கு விலக்கிவிடலாம்.

தட்டினால் விழிக்கவில்லை என்றால், அந்த அமைப்பு இயங்குகிறதா என்று பார்த்தபின், தடித்த பாதுகாப்புக் கண்ணாடி இருந்தால் தொடுதிறனைக் கூட்டும் அமைப்பை இயக்குங்கள். எதற்கும் விழிக்காத கைபேசியை, கருவிக்கேற்ப மின்பொத்தானை மட்டுமோ, அதனோடு ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்தோ, 30 விநாடி வரை அழுத்திப் பிடித்து மறுதொடக்கம் செய்யலாம். அதன் பிறகும் மணி மட்டும் ஒலித்துத் திரை கறுத்தே இருந்தால் பத்தாம் படிக்குச் செல்லுங்கள்.

7. அழைப்பின்போது திரை கறுத்து நிற்கிறதா?

காதருகே கொண்டுபோகும்போது திரையை அணைப்பது, பேச்சொலி வரும் துளையின் அருகே உள்ள அண்மை உணரி. அந்த இடத்தை மென்துணியால் துடையுங்கள். கறுப்பு விளிம்புள்ள பாதுகாப்புக் கண்ணாடி அதை மறைத்திருந்தால் கழற்றிச் சோதியுங்கள். அவசரத்தில் மின்பொத்தானை அழுத்தித் திரையை எழுப்ப முயலும் முன், அக்செஸிபிலிட்டி பகுதியில் பவர் பட்டன் எண்ட்ஸ் கால் அணைந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இல்லையென்றால் அழைப்பு துண்டிக்கப்படும்.

8. சேஃப் மோடில் ஒரு சோதனை

மேலுள்ளவை எதுவும் பலிக்காவிட்டால், மின்பொத்தான் மெனுவில் பவர் ஆஃப் என்பதைத் தட்டாமல் அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான கருவிகளில் சேஃப் மோடுக்குச் செல்லவா என்று கேட்கும். அந்த நிலையில் நீங்கள் நிறுவிய செயலிகள் எதுவும் இயங்காது. சிக்கல் அங்கே மறைந்தால் குற்றவாளி ஒரு செயலிதான். சாதாரணமாக மறுதொடக்கம் செய்துவிட்டு, அண்மையில் நிறுவியவற்றிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கி வாருங்கள். முகப்புத் திரை விட்ஜெட்டுகள் சில கலைந்துவிடக்கூடும் என்பதால், முன்பே ஒரு திரைப்பிடிப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

9. மீட்டமைப்பு: அவசரம் வேண்டாம்

கைபேசியில் உள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்கும் ஃபேக்டரி ரீசெட்டுக்கு முன் இன்னொரு படி இருக்கிறது. சாம்சங் போன்ற கருவிகளில் ரீசெட் ஆல் செட்டிங்ஸ் என்பது உங்கள் படங்களையும் செயலிகளையும் தொடாமல், அமைப்புகளை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். அதை முதலில் செய்யுங்கள்.

முழு மீட்டமைப்பு செய்தே தீர வேண்டுமென்றால், ஒரு மணி நேரம் வரை ஆகலாம். மின்கலத்தில் 70 சதவீதமாவது இருக்கட்டும். கூகுள் கணக்கின் கடவுச்சொல் உறுதியாகத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் மீட்டமைத்த பின் உங்கள் கைபேசியே உங்களை உள்ளே விடாது. கடவுச்சொல்லை அண்மையில் மாற்றியிருந்தால் 24 மணி நேரம் காத்திருங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களைத் தனியாகக் காப்பெடுக்க வேண்டும். இருபடிச் சரிபார்ப்புச் செயலியின் குறியீடுகளை வேறு கருவிக்கு மாற்றுங்கள். இசிம் (கருவிக்குள்ளேயே பதிந்த சிம்) பயன்படுத்துபவர்கள், அதை அழிக்கவா என்ற தேர்வில் குறியிடாமல் கடந்து செல்லுங்கள்.

10. பழுதுநீக்கச் செல்லும்போது

வாங்கிய ரசீது, உத்தரவாத அட்டை, ஐஎம்இஐ எண் (கைபேசிக்கே உரிய அடையாள எண்) ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். *#06# அழுத்தினால் எண் திரையில் தெரியும். உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற மையத்துக்கு மட்டும் செல்லுங்கள். வெளியே திறக்கப்பட்ட கருவிக்கு உத்தரவாதம் மறுக்கப்படலாம். ஒன்றாம் படியில் எழுதிய தாளையும் கொண்டுசெல்லுங்கள். அதைப் பார்த்தால், நீங்கள் செய்து முடித்த சோதனைகளுக்காக இன்னொரு முறை கட்டணம் கேட்க இடமிருக்காது. எந்த உறுப்பை மாற்றப் போகிறார்கள், சோதனைக் கட்டணம் எவ்வளவு, பழுது இல்லையென்றாலும் அதைக் கட்ட வேண்டுமா என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

கைபேசியின் கடவுச்சொல்லைச் சொல்லாதீர்கள். சாம்சங்கில் மெயின்டெனன்ஸ் மோடு, பிக்சலில் ரிப்பேர் மோடு என்ற வசதிகள் உள்ளன. அவற்றை இயக்கிக் கொடுத்தால், உங்கள் தகவல்களைப் பார்க்காமலே அவர்கள் வன்பொருளைச் சோதிக்க முடியும்.

திரும்பப் பெறும்போது அங்கேயே நின்று சோதியுங்கள்: உலாவியைத் திறந்து கைபேசியைத் திருப்புங்கள், ஓர் அழைப்பு செய்து காதருகே வைத்து எடுங்கள், சார்ஜ் கம்பியைச் செருகிக் கழற்றுங்கள், கடைசியாக, தொடாமல் வைத்துத் திரை உரிய நேரத்தில் அணைகிறதா என்று பார்த்த பின் ரசீதில் கையொப்பமிடுங்கள்.